இரண்டு கஜ தூரம்

ஆறடி உயரமுள்ள ஒரு மனிதன் நின்ற இடத்திலிருந்து நெடுஞ்சாண்கிடையாக முன்னால் விழுந்தால், அவனுடைய விரல் நுனி இரண்டு கஜத்துக்கு அப்பால் போய்த் தொடும். சாஷ்டாங்க நமஸ்காரம் செய்யத் தெரிந்த எவரும் கடந்துவிடக்கூடிய தூரந்தான் அது. ஆனால் அமெரிக்க தேசத்துச் சர்வகலாசாலைகளின் கால்பந்துப் பந்தயங்களில் இந்த ஆறடி நிலம் மனிதர்களைப் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. வருஷக் கணக்கான உழைப்பும், லட்சக் கணக்கான ஜனங்களின் ஆசையும் அந்த ஆறடியில் வந்து நின்று தத்தளிக்கின்றன. கடந்துவிட்டால் கடக்கச் சொன்ன ஆசிரியருக்குப் பல்லக்கு, கடக்காவிட்டால் பழி. இந்தப் பல்லக்கும் பழியும் வழங்கப்படும் முறை நியாயந்தானா என்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

அந்த ஆட்டத்தை அறியாத நேயர்களுக்கு முதலில் இரண்டு வார்த்தை. பெயர் கால்பந்து என்றாலும் காலுக்கு அதில் வேலை சொற்பம். இரு முனையும் கூரான பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், கையால் வீசுவதும், ஓடுகிறவனைக் கட்டிப் பிடித்துத் தரையில் வீழ்த்துவதுமே ஆட்டத்தின் பெரும் பகுதி. கட்சிக்குப் பதினொரு பேர். மைதானத்தின் நீளம் 100 கஜம். பந்து எந்தக் கட்சியிடம் இருக்கிறதோ அதற்கு நான்கு முறை அவகாசம் உண்டு. அந்த நான்கு முறைக்குள் பத்து கஜமாவது முன்னேற வேண்டும். முன்னேறினால் புதிதாக மறுபடியும் நான்கு முறை கிடைக்கும். இல்லையேல் பந்து கிடந்த இடத்திலேயே எதிர்க்கட்சிக்குச் சொந்தமாகிவிடும். எல்லைக்கோட்டைக் கடந்து பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் ஆறு புள்ளி. தூரத்திலிருந்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் மூன்று புள்ளி.

மூன்று முறை முயன்றும் பத்து கஜம் தேறாவிட்டால், நான்காம் முறையில் பந்தை வெகு தூரம் உதைத்து எதிரியின் பக்கம் தள்ளிவிடுவது சம்பிரதாயம். எப்படியும் பந்து கைமாறப் போகிறது. தொலைவில் போய் மாறட்டுமே என்ற எண்ணந்தான். ஆனால் மூன்று முறையில் எட்டு கஜமோ ஒன்பது கஜமோ முன்னேறி, எஞ்சியிருப்பது ஒன்று அல்லது இரண்டு கஜம் என்று வந்துவிட்டால் சம்பிரதாயம் ஆட்டங்கொடுக்கிறது. உதைத்துத் தொலைப்பதா, துணிந்து முன்னேறுவதா? முன்னேறுவதென்றால் எந்த வழியில்? இதைத் தீர்மானிக்க ஆசிரியருக்குக் கிடைப்பது அரை நிமிஷத்துக்கும் குறைவான அவகாசம்.

இந்த 'முறை' வைத்து ஆடும் சட்டமே ஒரு விநோதமான பந்தயத்தின் விளைவாகப் பிறந்தது. 1881-ஆம் வருஷம் பிரின்ஸ்டன் கலாசாலையும் யேல் கலாசாலையும் மோதியபோது, பந்து கிடைத்த கட்சி அதை விடவே இல்லை. முதற்பாதி முழுவதும் ஒரு கட்சி பந்தை அடைகாத்தது. மறுபாதி முழுவதும் மற்றக் கட்சி அடைகாத்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கொட்டாவி விட்டதுதான் மிச்சம். இதற்கு ஒரு முடிவு கட்ட, யேல் கலாசாலையைச் சேர்ந்த வால்டர் காம்ப் என்பவரின் முயற்சியால், மூன்று முறைக்குள் ஐந்து கஜம் முன்னேறாவிட்டால் பந்தை விட்டுவிட வேண்டும் என்ற சட்டம் 1882-இல் வந்தது.

ஐந்து கஜம் சொற்ப தூரம். ஆகையால் அக்காலத்தில் எல்லா முயற்சியும் நேருக்கு நேர் முட்டி மோதும் முயற்சியாகவே இருந்தது. 1892-இல் ஹார்வர்டு சர்வகலாசாலையார் யேல் கட்சிக்கு எதிராக ஆப்பு வடிவத்தில் அணிவகுத்து, ஓடிவந்து ஒரே இடத்தில் பாயும் ஒரு வியூகத்தைப் பிரயோகித்தார்கள். அதை வகுத்துக் கொடுத்த லோரின் டீலண்ட் என்பவர் கால்பந்து ஆடியவரே அல்ல. சதுரங்கத்தில் மோகங்கொண்ட வியாபாரி. காகிதத்தில் அழகாயிருந்த அந்த யுக்தி மைதானத்தில் எலும்பை முறித்தது. இம்மாதிரி மோதல்களால் இளைஞர் பலர் உயிரிழக்கவும் நேர்ந்தது. 1905-இல் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகிய மூன்று கலாசாலைப் பிரதிநிதிகளையும் தம் மாளிகைக்கு வரவழைத்து எச்சரித்தார். அடுத்த ஆண்டே சட்டம் மாறியது. ஐந்து கஜம் பத்து கஜமாயிற்று. பந்தை முன்னோக்கிக் கையால் வீசுவதற்கும் அநுமதி கிடைத்தது. 1912-இல் மூன்று முறை நான்கு முறையாயிற்று. இப்படியாகப் பலத்தோடு யுக்தியும் சேர்ந்து ஆட்சி செய்யும் ஆட்டமாக அது உருமாறியது.

ஆயினும், எஞ்சியிருப்பது இரண்டு கஜந்தான் என்ற கட்டத்தில் மட்டும் பழைய காலம் திரும்பி வந்துவிடுகிறது. காரணம் வெளிப்படை. பத்து கஜம் தேவையாயிருக்கும்போது, ஓடுவானோ வீசுவானோ, இடப்புறமோ வலப்புறமோ என்று காக்கும் கட்சி திகைத்து மைதானம் முழுவதும் பரவி நிற்க வேண்டியிருக்கிறது. இரண்டு கஜமே தேவை என்றதும் காக்கிறவர்கள் அத்தனை பேரும் முன்வரிசையில் வந்து நெருக்கியடித்துக் கூடிவிடுகிறார்கள். அதிலும் எல்லைக்கோட்டுக்கு அருகில் தாக்கும் கட்சியின் நிலைமை இன்னும் சங்கடமானது. கோட்டுக்கு அப்பால் பந்தை ஏந்தும் இடம் பத்து கஜப் பட்டை ஒன்றுதான். ஆகவே, தலைக்கு மேலே நீண்ட தூரம் வீசிவிடுவார்களே என்ற பயம் காக்கும் கட்சிக்கு அறவே நீங்கிவிடுகிறது. பின்னால் பயமில்லாதவன் முன்னால் இரண்டு மடங்கு பலசாலி அல்லவா?

இந்நிலையில் தாக்கும் கட்சிக்கு மூன்று மார்க்கங்கள் உண்டு. முதலாவது, பந்தை முதலில் கையில் வாங்கி ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் என்பவன் தானே நேராக முன்வரிசையின் இடுக்கில் நுழைந்துவிடுவது. கண் இமைக்கும் நேரத்தில் முடிகிற காரியம். எதிரி மூச்சு விடுவதற்குள் ஒரு கஜம் தேறிவிடும். ஆனால் இதற்கு அவன் முன்வரிசைக்காரனை ஒட்டி நிற்க வேண்டும். இக்காலத்துக் கலாசாலைக் கட்சிகள் பலவற்றில் குவார்ட்டர்பேக் ஐந்து கஜம் பின்னால் நின்றே பந்தை வாங்கிப் பழகுகிறான். ஒரு கஜம் முன்னேறுவதற்கு ஐந்து கஜம் பின்னாலிருந்து கிளம்புவானேன் என்று பழைய ரசிகர்கள் தலையில் அடித்துக்கொள்வதில் நியாயம் இல்லாமலில்லை.

இரண்டாவது மார்க்கம், கட்சியிலுள்ள வலிமை மிக்க ஓட்டக்காரனிடம் பந்தைக் கொடுத்து மோதச் செய்வது. இங்கே வெற்றி தோல்வி பெரும்பாலும் ஓடுகிறவன் கையில் இல்லை. அவனுக்கு முன்னே குனிந்து நிற்கும் பருத்த தேகிகளின் கையில் இருக்கிறது. அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்படும் முதற்பாடம், தாழ்ந்து புகுகிறவனே வெல்வான் என்பது. எதிரியின் மார்புக்குக் கீழே தோளைக் கொடுத்து நிமிர்த்திவிட்டால் மலை போன்றவனும் நிலை தடுமாறுவான்.

மூன்றாவது மார்க்கம் வஞ்சனை. மோதப் போவதாகப் பாவனை காட்டி, எல்லாரும் நடுவே குவிந்த சமயத்தில் ஓரமாகப் பந்தை வீசிவிடுவது, அல்லது வெளிப்புறம் சுற்றி ஓடிவிடுவது.

முதல் இரண்டு மார்க்கங்களும் கௌரவமானவை என்றும், மூன்றாவது கோழைத்தனம் கலந்தது என்றும் வெகு ஜனங்களிடையே ஓர் எண்ணம் இருந்து வருகிறது. "ஒரு கஜம் மோதி முன்னேற முடியாதவர்களுக்கு வெற்றி எதற்கு?" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. இந்தக் கேள்விக்கு 1979-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் நடந்த 'ஷுகர் பவுல்' பந்தயம் ஒரு பதில் சொல்லிற்று. தேசத்தில் முதலிடம் பெற்றிருந்த பென் ஸ்டேட் சர்வகலாசாலையும் இரண்டாமிடம் பெற்றிருந்த அலபாமா சர்வகலாசாலையும் மோதின. கடைசிப் பகுதியில் அலபாமா 14, பென் ஸ்டேட் 7. பென் ஸ்டேட் கட்சி எல்லைக்கோட்டுக்கு ஒரு கஜ தூரத்தில் வந்து நின்றது. மூன்றாம் முறை மாட் சூஹி மோதினார்; தடுக்கப்பட்டார். நான்காம் முறை மைக் கூமன் முன்வரிசையின் தலைக்கு மேலாகத் தாவிப் பாய்ந்தார். அலபாமாவின் பாரி கிராஸ் அவரை அந்தரத்திலேயே எதிர்கொண்டு நிறுத்தினார். புள்ளிக் கணக்கு 14-7 என்றே முடிந்தது. பென் ஸ்டேட்டார் பலமற்றவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் மோதப் போகிறார்கள் என்பதை அலபாமாவின் பதினொரு பேரும் எதிர்பார்த்து நின்றார்கள். எதிரி அறிந்த பலம் பாதிப் பலந்தான்.

இந்த உண்மைக்குக் கணித சாஸ்திரத்தின் ஆதரவும் உண்டு. ஹங்கேரியில் பிறந்த மேதை ஜான் வான் நியூமன், இருவர் எதிரெதிராக ஆடும் ஆட்டங்களைப் பற்றி 1928-இல் ஒரு தேற்றத்தை நிரூபித்தார். அதன் சாரத்தை நம் விஷயத்துக்குப் பொருத்திச் சொன்னால் இவ்வளவுதான்: எப்போதும் ஒரே வழியைக் கையாளுகிறவனை எதிரி எளிதில் மடக்குவான், பல வழிகளைத் தக்க விகிதத்தில் கலந்து, அடுத்தது எது என்று எதிரிக்குத் தெரியாதபடி ஆடுவதே உத்தமம். எப்போதாவது வீசினால்தான் மோதுவதற்கு மதிப்பு. பெரும்பாலும் மோதினால்தான் வீசுவதற்கு மதிப்பு. இப்படிக் கலந்து ஆடும்போது, மிகச் சரியான யுக்தியும் சில சமயம் தோற்றே தீரும். தோற்றுவிட்டது என்பதனால் அது பிசகான யுக்தி ஆகிவிடாது.

2007-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி நடந்த 'ஃபியஸ்டா பவுல்' பந்தயத்தில், ஐடஹோ ராஜ்யத்தின் பாய்ஸி ஸ்டேட் என்ற அதிகம் பிரசித்தியில்லாத சர்வகலாசாலை, ஓக்லஹோமா என்ற மகா பிரசித்தி பெற்ற சர்வகலாசாலையை எதிர்த்தது. சமமாக முடிந்து, ஆட்டம் மேலதிக நேரத்துக்குப் போயிற்று. ஓக்லஹோமா முதலில் ஏழு புள்ளி சம்பாதித்தது. பதில் சொல்ல வேண்டிய பாய்ஸி கட்சிக்கு நான்காம் முறையில் இரண்டு கஜம் தேவைப்பட்டது. குவார்ட்டர்பேக்கை ஒதுங்க விட்டு, பந்தை ஏந்தி ஓட வேண்டிய ஆட்டக்காரர் ஒருவரே பந்தை வீசினார்; எல்லைக்கோட்டுக்கு அப்பால் அது ஏந்தப்பட்டது. இப்போது கணக்கு 42-41. ஒரு புள்ளிக்கு உதைத்தால் சமம், ஆட்டம் தொடரும். மூன்று கஜ தூரத்திலிருந்து பந்தை உள்ளே கொண்டு சேர்த்தால் இரண்டு புள்ளி, ஆட்டம் முடியும். ஆசிரியர் கிறிஸ் பீட்டர்ஸன் இரண்டு புள்ளிக்கே துணிந்தார். குவார்ட்டர்பேக் வலக் கையால் வீசுவதுபோல் பாவனை செய்துகொண்டே, இடக் கையால் முதுகுக்குப் பின்புறம் பந்தை ஐயன் ஜான்ஸனிடம் கொடுத்தார். எல்லாரும் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, ஜான்ஸன் மறுபக்கம் நடந்து போவதுபோல் உள்ளே நுழைந்தார். 43-42. ஆட்டம் நீண்டுகொண்டே போனால் வலியவனே வெல்வான். எளியவன் ஒரே பிடியில் தீர்த்துக்கொள்வதுதான் விவேகம். இங்கே துணிவும் கணக்கும் ஒன்றாயிருந்தன.

இது நிற்க. எப்படி முயல்வது என்பது ஒரு கேள்வி. முயல்வதா, வேண்டாமா என்பது அதற்கு முந்திய கேள்வி. இதைப் பற்றிய பாடத்தைப் பீட் கரோல் என்ற ஒரே ஆசிரியருடைய சரித்திரத்திலேயே காணலாம்.

2005-ஆம் வருஷம் அக்டோபர் 15-ஆம் தேதி அவருடைய தென் கலிபோர்னியா சர்வகலாசாலைக் கட்சி, நோட்டர் டேம் சர்வகலாசாலையை அதன் சொந்த மைதானத்தில் எதிர்த்தது. ஏழு விநாடி மிச்சம். நோட்டர் டேம் 31, தென் கலிபோர்னியா 28. பந்து எல்லைக்கோட்டுக்கு ஒரு கஜ தூரத்தில். பந்தை உதைத்து மூன்று புள்ளி பெற்றுச் சமன் செய்துகொள்ள வழி இருந்தது. நுழைய முயன்று தடுக்கப்பட்டாலோ, அதற்குள் நேரம் கடந்து தோல்வியும் நேரலாம். குவார்ட்டர்பேக் மாட் லைனர்ட் நேரே நுழைந்தார், தடைப்பட்டார், சுழன்றார். பின்னாலிருந்து ரெஜ்ஜி புஷ் ஓர் உந்து உந்தினார். லைனர்ட் உள்ளே விழுந்தார். 34-31. பந்து வைத்திருப்பவனைப் பின்னாலிருந்து உந்தக் கூடாது என்பது அக்காலத்துச் சட்டம். நடுவர்கள் அதைக் கண்டிக்கவில்லை. கலாசாலை ஆட்டத்தில் அந்தத் தடை 2013-இல் நீக்கப்பட்டது. கரோலின் துணிவைத் தேசமே கொண்டாடிற்று.

மூன்று மாதங்கூட ஆகவில்லை. 2006-ஆம் வருஷம் ஜனவரி 4-ஆம் தேதி, பஸடீனா நகரத்தின் 'ரோஸ் பவுல்' மைதானத்தில், தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்களின் முன்னிலையில், தேசத்தின் முதலிடத்துக்காக அதே கட்சி டெக்ஸாஸ் சர்வகலாசாலையுடன் மோதியது. தொடர்ந்து 34 பந்தயங்களில் வென்றிருந்த கட்சி அது. ஆட்டம் முடிய இரண்டு நிமிஷத்துக்குச் சற்று மேல் இருந்தபோது கணக்கு 38-33. தென் கலிபோர்னியா முன்னணியில். டெக்ஸாஸின் 45-ஆம் கஜக் கோட்டில் நான்காம் முறை. தேவை இரண்டு கஜம். கடந்தால் ஆட்டம் ஏறக்குறைய முடிந்த மாதிரிதான். கரோல் உதைக்கச் சொல்லவில்லை. அன்று அதுவரை மூன்று முறை எல்லை கடந்து, நூறு கஜத்துக்கு மேல் ஓடியிருந்த லென்டேல் ஒயிட் என்ற பலசாலியிடம் பந்து கொடுக்கப்பட்டது. டெக்ஸாஸ் முன்வரிசை அவரைக் குறிக்குச் சற்று முன்பே நிறுத்திவிட்டது. பிறகு வின்ஸ் யங் தம் கட்சியை 56 கஜம் நடத்திச் சென்று, தமக்கு வாய்த்த நான்காம் முறையில், பத்தொன்பது விநாடி மிச்சமிருக்கையில் எல்லைக்குள் ஓடினார். டெக்ஸாஸ் 41, தென் கலிபோர்னியா 38.

உடனே கண்டனங்கள் கிளம்பின. உதைத்திருக்க வேண்டாமா? அந்த வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர் என்று ஹைஸ்மன் விருது பெற்ற ரெஜ்ஜி புஷ் அந்தச் சமயத்தில் மைதானத்துக்கு வெளியே நின்றதேன்? இரண்டாவது கேள்வியில் சத்து உண்டு. புஷ் உள்ளே இருந்திருந்தால், பந்து அவரிடம் போகாவிட்டாலும், காக்கிறவர்களில் ஒருவரிருவர் கண் அவர் மேல் போயிருக்கும். இது 'எப்படி' என்பதைப் பற்றிய குறை, எடுத்துக்காட்ட வேண்டியதுதான். ஆனால் முதற்கேள்வி அப்படிப்பட்டதல்ல. அன்று முழுவதும் ஓடியும் வீசியுமாக 467 கஜம் சம்பாதித்தவர் யங். பந்தை உதைத்து இன்னும் சில பத்து கஜம் அவரைப் பின்னால் தள்ளியிருக்கலாம். ஆனால் அவர் கையில் பந்தும் இரண்டு நிமிஷமும் இருந்திருக்கும். அவர் கைக்குப் பந்து போகாமலே ஆட்டத்தை முடிக்க ஒரே வழி அந்த இரண்டு கஜம். அக்டோபரில் வீரம் என்று புகழப்பட்ட அதே குணம் ஜனவரியில் அகம்பாவம் என்று ஏசப்பட்டது. மாறியது குணமல்ல, பலன்.

இதே கரோல் பிற்பாடு தொழில்முறை ஆட்டத்துக்குச் சென்றார். 2015 பிப்ரவரி முதல் தேதி 'சூப்பர் பவுல்' பந்தயத்தின் கடைசி நிமிஷத்தில், எல்லைக்கோட்டுக்கு ஒரு கஜ தூரத்தில், மோதாமல் வீசும்படி அவர் தரப்பு தீர்மானித்தது. எதிர்க்கட்சியின் மால்கம் பட்லர் பந்தை இடைமறித்துக்கொண்டார். ஸியாட்டில் 24, நியூ இங்கிலாந்து 28. "பலசாலி மார்ஷான் லிஞ்ச் இருக்க, மோதாமல் வீசுவானேன்?" என்று உலகம் கேட்டது. ஒன்பது வருஷத்துக்கு முன் பலசாலியிடம் கொடுத்து மோதியது பிசகு. இப்போது மோதாதது பிசகு! மிச்சமிருந்த சொற்ப விநாடிகளுக்குள் மூன்று முறையும் மோதிப் பார்க்க நேரம் போதாது. ஒரு முறை வீசினால்தான் மூன்று முயற்சிக்கும் இடமுண்டு என்ற கணக்கைக் கேட்கப் பலருக்குப் பொறுமை இருக்கவில்லை.

நேயர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கலாம். நமது பாஷையில் 'முடிவு' என்ற ஒரே சொல் இரண்டு காரியங்களுக்குப் பயன்படுகிறது. ஒருவன் யோசித்துச் செய்யும் தீர்மானமும் முடிவு; கடைசியில் வந்து சேரும் பலனும் முடிவு. சொல் ஒன்றாயிருப்பதனால் பொருளும் ஒன்று என்று நாம் மயங்கிவிடலாகாது. முன்னது மனிதன் கையில் உள்ளது. பின்னதில் எதிரியின் தோளுக்கும், ஈரப் புல்லுக்கும், அரை அங்குலத்துக்கும் பங்கு உண்டு. இந்தப் பாகுபாட்டை மறந்தால் என்ன தீங்கு என்பதே இனி நாம் பார்க்க வேண்டியது.

லூயிஸியானா ராஜ்ய சர்வகலாசாலையின் ஆசிரியராயிருந்த லெஸ் மைல்ஸ், 2007 அக்டோபர் 6-ஆம் தேதி, முந்திய வருஷத்துச் சாம்பியனான ஃபுளோரிடாவுக்கு எதிராக, நான்காம் முறையில் ஐந்து தடவை துணிந்தார். ஐந்தும் பலித்தன, 28-24 என்று வென்றார். சரியாக ஏழு நாள் கழித்து கென்டக்கியில், மேலதிக நேரத்தின் மூன்றாவது சுற்றில், அதே கட்சிக்கு நான்காம் முறையில் இரண்டு கஜம் தேவைப்பட்டது. ஓட்டக்காரர் தடுக்கப்பட்டார்; 43-37 என்று கென்டக்கி வென்றது. ஒரு வாரத்துக்குள் ஒரு மனிதர் மேதையிலிருந்து மூடராகிவிட முடியுமா? அந்த வருஷ முடிவில் தேசத்தின் முதலிடம் அவருடைய கட்சிக்கே கிடைத்தது என்பதையும் சேர்த்துக்கொண்டால், மறுபடியும் மேதையாகிவிட்டார் போலும்!

இது வேடிக்கையாகத் தோன்றினாலும் இதன் விளைவு வேடிக்கையானதல்ல. பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையின் பொருளாதாரப் பேராசிரியர் டேவிட் ரோமர், 1998 முதல் 2000 வரை நடந்த தொழில்முறைப் பந்தயங்களை ஆராய்ந்து, 2006-இல் ஒரு கட்டுரை பிரசுரித்தார். நான்காம் முறையில் கட்சிகள் இருக்க வேண்டியதைவிட மிகவும் அதிகமாகப் பயந்து, துணிய வேண்டிய இடங்களிலும் உதைத்துவிடுகின்றன என்பது அவர் கண்ட உண்மை. கூலிக்கு அமர்த்தப்பட்ட நிபுணர்கள், வெற்றி ஒன்றே குறியானவர்கள், ஏன் இப்படி வெற்றிக்கு விரோதமாக நடந்துகொள்கிறார்கள்?

நமக்குத் தோன்றும் சமாதானம் இது. சம்பிரதாயப்படி உதைத்துத் தோற்றால் பழி ஆட்டக்காரர்கள் தலையில் விழுகிறது; துணிந்து தோற்றால் பழி ஆசிரியர் தலையில் விழுகிறது. அமெரிக்காவின் பல ராஜ்யங்களில், அரசாங்கச் சம்பளம் வாங்கும் உத்தியோகஸ்தர் எல்லாரிலும் அதிகச் சம்பளம் பெறுகிறவர் சர்வகலாசாலையின் கால்பந்து ஆசிரியரே. அத்தகைய உத்தியோகத்தைக் காப்பாற்றிக்கொள்ள, தோல்வியைக் குறைப்பதைவிடப் பழியைக் குறைப்பது சுலபமான வழி. ஆக, கோழைத்தனத்தை விளைவிப்பவர்கள் ஆசிரியர்கள் அல்லர். பலனைப் பார்த்து மட்டுமே பல்லக்கும் பழியும் வழங்குகிற பொது ஜனங்கள். எந்தத் துறையிலும் ஜனங்கள் இப்படித் தீர்ப்பளித்தால், நியாயமாக யோசிக்கும் தலைவர் அருகி, தப்பித்துக்கொள்ளும் தலைவரே மிகுவர்.

இதற்கு விலக்காக நின்ற ஒருவரைப் பற்றிச் சொல்லி முடிப்போம். நெப்ராஸ்கா சர்வகலாசாலையின் ஆசிரியர் டாம் ஆஸ்போர்ன், அந்தப் பருவம் முழுவதும் தோல்வியே காணாத கட்சியோடு 1984 ஜனவரி 2-ஆம் தேதி மயாமி நகரத்தில் 'ஆரஞ்சு பவுல்' பந்தயத்துக்கு வந்தார். எதிர்க்கட்சி மயாமி சர்வகலாசாலை. 48 விநாடி மிச்சமிருக்கையில் கணக்கு 31-30. நெப்ராஸ்கா ஒரு புள்ளி பின்னால். உதைத்தால் சமம். மேலதிக நேரம் என்ற ஏற்பாடு அப்போது கலாசாலை ஆட்டத்தில் அவர்கள் ஆடிய பிரிவில் இல்லை. அந்தப் பிரிவில் எல்லாப் பந்தயங்களுக்கும் அது வந்தது 1996-இல்தான். தோல்வியில்லாத கட்சி என்ற முறையில், சமமாக முடிந்தாலும் தேசத்தின் முதலிடம் பெரும்பாலும் நெப்ராஸ்காவுக்கே கிடைத்திருக்கும் என்பது பொதுவான அபிப்பிராயம். உதைப்பவர் தயாராகவே இருந்தார். ஆஸ்போர்ன் அவரை அழைக்கவில்லை. மூன்று கஜ தூரத்திலிருந்து இரண்டு புள்ளிக்கு முயலச் சொன்னார். டர்னர் கில் வீசிய பந்து ஜெஃப் ஸ்மித்தை நோக்கிச் சென்றது. மயாமியின் கென்னி கால்ஹூன் விரல்களால் அதைத் தட்டிவிட்டார். ஆட்டமும் முதலிடமும் மயாமியைச் சேர்ந்தன.

வெற்றிக்காக வந்தவர்கள் சமத்தோடு திரும்புவது தகாது என்று அவர் கருதினார். புத்திசாலித்தனம் போதாது என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் பயந்தார் என்று சொல்ல எவராலும் முடியவில்லை. நெப்ராஸ்கா ஜனங்கள் அவரை விரட்டிவிடவும் இல்லை. பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்கள். 1994, 1995, 1997 ஆகிய மூன்று பருவங்களில் அவருடைய கட்சி தேசத்தின் முதலிடத்தைப் பெற்றது. ஓய்வு பெற்ற பிறகு அதே ஜனங்கள் அவரைத் தங்கள் பிரதிநிதியாக அமெரிக்கச் சட்டசபைக்கும் அனுப்பினார்கள். அந்தத் தோல்வியை அவர்கள் மறக்கவில்லை. அதில் காட்டிய மனத்தையும் மறக்கவில்லை.

தென் கலிபோர்னியாவின் கதைக்கு ஒரு விசித்திரமான பின்குறிப்பும் உண்டு. ரெஜ்ஜி புஷ் விதிக்கு விரோதமாகப் பணமும் உதவிகளும் பெற்றார் என்ற விவகாரத்தில், 2010-இல் கலாசாலை விளையாட்டுச் சங்கம் தண்டனை விதித்து, 2005-ஆம் வருஷப் பருவத்து வெற்றிகளையெல்லாம் ஏட்டிலிருந்து நீக்கிவிட்டது. நோட்டர் டேமில் ஒரு கஜம் உந்திப் பெற்ற வெற்றி இன்று கணக்கில் இல்லை. இரண்டு கஜம் கடக்க முடியாமல் அடைந்த தோல்வி மட்டும் ஏட்டில் நிற்கிறது. பலன்களை நம்பி மனிதர்களை எடைபோடுகிறவர்கள், அந்தப் பலன்களும் இடம் மாறக்கூடியவை என்பதை நினைவில் வைப்பது நலம்.

ஆகையால் ஒரு தீர்மானம் பலிக்காத செய்தி நம் காதில் விழும்போது, அது மைதானத்திலிருந்து வந்தாலும் சரி, மந்திராலோசனை மண்டபத்திலிருந்து வந்தாலும் சரி, நம் வீட்டுக் கூடத்திலிருந்தே வந்தாலும் சரி, மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்போமாக. துணிந்தது தகுமா? துணிந்த வழி தகுமா? பிறகு என்ன நேர்ந்தது? முதல் இரண்டுக்கும் திருப்தியான பதில் கிடைத்தால், மூன்றாவதற்கு அநுதாபம் காட்டலாம். தண்டனை விதிக்க வேண்டியதில்லை. அந்த ஆறடி நிலத்தைக் கடக்க அடுத்த முறையும் யாராவது ஒருவர் முன்வர வேண்டுமல்லவா?